கொக்குக்குப் பத்தாத போர்வை

நண்டுக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. அது பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. வீட்டில் யாரும் அதைத் தொந்தரவு செய்வதில்லை. தவழும் வயதில் அவள் நேராகப் போகாமல் பக்கவாட்டிலேயே போவாளாம். அப்போது அப்பா வைத்த பெயர்தான் நண்டு.

அக்காவுக்குப் பெயர் கொக்கு. பதினேழு வயதுக்குள் அம்மாவைவிட ஒரு தலை உயரமாகிவிட்டாள். இந்தப் பெயரை வைத்தது நண்டு.

கொக்கு இன்னும் பத்து நாளில் நர்ஸ் படிப்புக்கு வெளியூர் போகிறாள். அது மலைமேல் இருக்கிற ஊர். "கோடையிலும் இரவில் குளிரும். கனமான போர்வை கொண்டுவரவும்" என்று விடுதியிலிருந்து வந்த தாளில் எழுதியிருந்தது.

அம்மா அந்தத் தாளை மூன்று தடவை படித்தாள். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து நீலத் தகரப் பெட்டியை இழுத்தாள்.

"கொக்கு கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போயாச்சா?"

"போயாச்சு. ஒரு மணிக்குத்தான் வருவா" என்றாள் நண்டு.

"போய்க் கதவைச் சாத்திட்டு வா. அவளுக்கு இது தெரியவே கூடாது."

நண்டு ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். ஜன்னலையும் சாத்தினாள். எதற்கும் இருக்கட்டும் என்று ரேடியோவையும் நிறுத்தினாள்.

அம்மா தையல்காரி. முன்னறைதான் அவளுடைய கடை. அந்தத் தெருவில் பாதிப் பேர் அம்மா தைத்ததைத்தான் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். ஆனால் இந்தப் பெட்டியில் இருந்த துணிகள் எதுவும் வாடிக்கையாளர்களுடையவை அல்ல. எல்லாம் வீட்டுத் துணிகள். கொக்கு போட்டு, அவளுக்குச் சின்னதாகி, பிறகு நண்டு போட்டு, அவளுக்கும் சின்னதாகிப் போன சட்டைகள், கவுன்கள், பாவாடைகள்.

பதினேழு வருடமாக அம்மா அவற்றைச் சேர்த்துவந்தாள். வருடத்துக்கு ஒரு தடவை வெயிலில் போடுவாள். ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்ப்பாள். "ஒரு நாள் எல்லாத்தையும் சேத்து ஒரு போர்வை தைக்கணும்" என்பாள். பிறகு, "இன்னும் கொஞ்சம் சேரட்டும்" என்று பெட்டியை மூடிவிடுவாள்.

இன்று மூடவில்லை. மேசைமேல் ஒரு குட்டி ரோஜா நிறச் சட்டையை விரித்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள்.

அந்தக் கத்தரிக்கோல் ஊரார் துணியில் பறக்கும். "சர்ர்ர்" என்று ஒரே ஓட்டமாக ஓடி, மேசை விளிம்பில் போய்த்தான் நிற்கும். இன்றைக்கு அது சட்டையின் ஓரத்தில் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றது.

"என்னம்மா, கத்தரி மொட்டையாயிடுச்சா?"

"கத்தரி நல்லாத்தான் இருக்கு. கைதான் மொட்டையா இருக்கு."

நண்டு யோசித்தாள். "கண்ணை மூடிக்கிட்டு வெட்டிடும்மா. நான் ஊசி போட்டுக்கும்போது அப்படித்தான் செய்வேன்."

"கண்ணை மூடிட்டு வெட்டினா போர்வை வராதுடி. என் விரலுக்குக் கட்டுதான் வரும்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே கத்தரிக்கோலும் நகர்ந்துவிட்டது. சர்ர்ர்.

அதற்கப்புறம் வேலை வேகமாக நடந்தது. வெட்டிக்கொண்டே அம்மா ஒவ்வொரு துணியின் கதையையும் சொன்னாள்.

"இது கொக்கு முதல் முதலா நடந்த அன்னிக்குப் போட்டது. இந்தப் பச்சை, அவளை ஸ்கூல்ல சேத்த அன்னிக்கு. வாசல்ல நின்னு ஒரே அழுகை. அவ இல்ல, நான். இந்தக் கட்டம் போட்டது, அவ பாட்டுப் போட்டியில பரிசு வாங்கினப்ப."

"நான் இதைப் போட்டு என்ன பண்ணேன்?"

"நீயும்தான் போட்டே. ஓடினே, விழுந்தே. வேற என்ன?"

"இதுல என்னோட துணி எதும்மா?"

"எல்லாமே உன்னோடதுதான்" என்றாள் அம்மா, வாயில் குண்டூசியோடு.

எல்லாமே என்னுடையது என்றால் எதுவுமே என்னுடையது இல்லை என்றுதானே அர்த்தம் என்று நண்டுக்குத் தோன்றியது. ஆனால் குண்டூசி வாயில் இருக்கும்போது அம்மாவோடு விவாதம் செய்ய முடியாது.

அப்போதுதான் நண்டு இன்னொன்றைக் கவனித்தாள். அம்மா ஒவ்வொரு துணியையும் முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கறை இருந்தால், கிழிசல் இருந்தால், ஒட்டுப் போட்டிருந்தால், சாக்பீஸால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். வட்டத்தைத் தள்ளி, நல்ல இடத்தில் மட்டும் சதுரம் வெட்டினாள். மிச்சம் கீழே இருந்த கழிவுப் பைக்குள் போனது.

"ஏம்மா அதைத் தள்ளிடறே?"

"பழுது தள்ளித்தான் வெட்டணும். அதுதான் முறை."

நண்டு பைக்குள் எட்டிப் பார்த்தாள். நீல மைக் கறை: அது அவள் பேனாவைச் சட்டைப் பையில் திறந்தபடி வைத்த நாள். பழச்சாறு கொட்டிய இடம். சேறு போகாத முழங்கால் பக்கம். ரம்பப் பல் மாதிரி கிழிந்த மஞ்சள் துணி.

எல்லாமே அவள் வேலைதான். கொக்கு துணியை அழுக்காக்கவே மாட்டாள். சாப்பிடும்போதுகூடக் கழுத்தை நீட்டிக்கொண்டு, துணியிலிருந்து வாயை ஒரு மைல் தள்ளி வைத்துக்கொள்வாள்.

மேசைமேல் அழகழகான சதுரங்கள் அடுக்கி இருந்தன. அவையெல்லாம் கொக்கு. பையில் கிடந்ததெல்லாம் நண்டு.

நண்டுக்கு அழுகை வரவில்லை. அழுகைக்கு ஒரு நிறுத்தம் முன்னால் வண்டி நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

"என்னடி மூஞ்சி சுருங்குது?"

"ஒண்ணுமில்ல."

"அப்படின்னா ஒரு வேலை செய். கொக்கு நீளத்தை அளந்துட்டு வா. அவளுக்குத் தெரியாம அளக்கணும். துணி கம்மிதான், அளவா வெட்டணும்."

இது முக்கியமான வேலை. நண்டுக்கு உடனே முகம் விரிந்தது.

அன்று மத்தியானம் கொக்கு கட்டிலில் தூங்கினாள். நண்டு டேப்பை எடுத்துக்கொண்டு பூனைமாதிரி போனாள். தலைமாட்டில் ஒரு நுனியை வைத்து, கால்மாட்டுக்கு இழுத்தாள். கொக்கு மூக்கைச் சொறிந்துகொண்டாள். நண்டு மூச்சை அடக்கினாள். ஐம்பத்தாறு இஞ்ச்.

"அம்பத்தாறா?" அம்மா புருவத்தைத் தூக்கினாள். "அவ்வளவுதானா? கதவு உசரத்துக்கு வந்து நிக்கிறாளே."

"டேப்புல அப்படித்தான் இருந்துச்சு."

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தடவை."

அம்மா அளவு நோட்டைத் திறந்து எழுதினாள். நோட்டில் ஒன்றை எழுதிவிட்டால் அம்மாவுக்கு அதற்குமேல் பேச்சு கிடையாது. வாடிக்கையாளர்கள் "நான் மெலிஞ்சிட்டேனே" என்று எவ்வளவு சொன்னாலும், "உங்க பேச்சையும் நம்ப மாட்டேன், என் கண்ணையும் நம்ப மாட்டேன், நோட்டைத்தான் நம்புவேன்" என்பாள். இப்போதும் அப்படித்தான். "தாராளமா ஒரு ஆறு இஞ்ச் கூட்டிக்கலாம். அறுபத்திரண்டு" என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

அடுத்த நாளிலிருந்து போர்வை வளர ஆரம்பித்தது. கொக்கு பத்து மணிக்கு வெளியே போனதும் மெஷின் ஓடும். சதுரத்தோடு சதுரம் சேர்ந்து வரிசையாகும். வரிசையோடு வரிசை சேரும். நண்டு ஊசியில் நூல் கோர்த்தாள், பாபின் என்கிற குட்டி உருளையில் நூல் சுற்றினாள், கீழே விழுந்த குண்டூசிகளைக் காந்தத்தால் பொறுக்கினாள். ஒரு மணிக்குள் எல்லாம் பெட்டிக்குள் போய்விடும்.

ஒரு நாள் கொக்கு சீக்கிரமாக வந்துவிட்டாள். கம்ப்யூட்டர் கிளாஸில் கரண்ட் இல்லையாம். அம்மா அப்படியே போர்வைத் துணியின்மேல் உட்கார்ந்துகொண்டாள். ஆனால் அது அம்மாவைவிடப் பெரிதாக இருந்தது. நான்கு பக்கமும் வண்ண வண்ணமாக எட்டிப் பார்த்தது.

நல்ல வேளையாக, தைத்த ரவிக்கையை வாங்க வந்த, பேங்கில் வேலை பார்க்கும் பேங்க் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா அது?" என்று கேட்டாள் கொக்கு.

"அது... இவங்களோடது" என்றாள் அம்மா.

பேங்க் அம்மா ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "ஆமா. எனக்குப் பாவாடை."

"உங்களுக்கா ஆன்ட்டி? இவ்வளவு கலர்லயா?"

"ஏன், நான் போடக் கூடாதா? எனக்கு என்ன வயசாயிடுச்சாம்?"

கொக்கு வெலவெலத்துப்போய், "ஐயோ, சூப்பரா இருக்கும் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். நண்டு மேசைக்கு அடியில் புகுந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எட்டாவது நாள் போர்வையின் மேல்துணி முடிந்தது. நல்ல சதுரம் ஒன்றுகூட மிச்சமில்லை. காலி ஆன பெட்டியை அம்மா துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். கழிவுப் பையை, எப்போதும் போல, தெருமுனை மெக்கானிக் வந்து வாங்கிக்கொண்டு போனார். எண்ணெய்க் கை துடைக்க அவருக்குப் பழந்துணி வேண்டும்.

இனி அடித்துணி வைத்து, நடுவில் கம்பளி வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டியதுதான் பாக்கி.

அன்று மத்தியானம் கொக்கு கூடத்துத் தரையில் மல்லாந்து படுத்திருந்தாள். முகம் முழுக்கப் பச்சையாக எதையோ பூசியிருந்தாள். அது காயும்வரை பேசவும் கூடாது, அசையவும் கூடாதாம். ஆணி அடித்த மாதிரி நேராகக் கிடந்தாள்.

நண்டு அவளைத் தாண்டிப் போகக் காலைத் தூக்கினாள். தூக்கிய கால் அப்படியே நின்றது.

கொக்கு நீளமாக இருந்தாள். ரொம்ப நீளமாக இருந்தாள். தலை ஒரு சுவரோரம் இருந்தது. குதிகால் அலமாரியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

நண்டு மெதுவாக டேப்பை எடுத்துவந்தாள்.

"ம்ம்ம்?" என்றாள் கொக்கு, கண்ணைத் திறக்காமல்.

"ஒண்ணுமில்ல, எறும்பு. நீ அசையாதே, முகம் வெடிச்சிடும்."

அறுபத்தாறு இஞ்ச்.

நண்டு டேப்பை மறுபடி பார்த்தாள். கட்டிலில் தூங்கும்போது கொக்கு எப்படிப் படுப்பாள்? முழங்காலை மடக்கி, கேள்விக்குறி மாதிரி. அன்றைக்கு நண்டு அளந்தது கேள்விக்குறியைத்தான்.

அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கவிழ்த்து வைத்த வாளியின்மேல் உட்கார்ந்து யோசித்தாள்.

சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன? யாருக்கும் தெரியாது. கொக்கு போர்வையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். மலைமேல் இருக்கிற அந்த ஊரில், பெயர் தெரியாத ஓர் அறையில், போர்வையை இழுத்துக் காலை மூடினால் தோள் குளிரும். தோளை மூடினால் கால் குளிரும். கொக்கு யாரிடமும் சொல்ல மாட்டாள். அம்மா ஆசையாகத் தைத்தது என்று, கேள்விக்குறி மாதிரியே சுருண்டுகொண்டு வருடம் முழுக்கத் தூங்குவாள்.

அந்தக் குளிர்ந்த கால்களை நண்டால் தாங்க முடியவில்லை. எழுந்து முன்னறைக்குப் போனாள்.

"அம்மா, திட்டக் கூடாது."

"அப்படின்னா திட்டற விஷயம்தான். சொல்லு."

நண்டு சொன்னாள். அம்மா வாயிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மெத்தென்ற பஞ்சு உருண்டையில் குத்தினாள். ஏழு குண்டூசி. நண்டு எண்ணினாள்.

"பத்து இஞ்ச் கம்மி" என்றாள் அம்மா கடைசியில்.

அப்போது வேலை முடிந்து உள்ளே வந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டார். அப்பா பஸ் டிரைவர். "வண்டியை வளைவுல நிறுத்திட்டு நீளம் அளந்திருக்கே" என்றார். யாரும் சிரிக்காததால் சட்டையைக் கழற்றி மாட்டப் போய்விட்டார்.

"நோட்டைப் பாத்தேனே தவிர, நான் பெத்த பொண்ணை நிமிந்து பாக்கல. என் தப்பும்தான்" என்று அம்மா பெருமூச்சு விட்டாள். "சரி விடு. கடைக்குப் போயி ஒரு புதுத் துணி வாங்கி, கால்பக்கம் பட்டையா ஒட்டிடறேன். நல்ல துணிதான் தீந்துபோச்சே."

"கழிவுப் பையில இருந்ததும் நம்ம துணிதானேம்மா. அதை வச்சுத் தைக்கலாமே."

"கறைத் துணியையா? நல்லா இருக்கே! விடுதியில நாலு பேர் பாத்தா, தையல்காரி வீட்டுப் பொண்ணு போர்வையைப் பாருன்னு சொல்ல மாட்டாங்க?"

"அதை வச்சாத்தாம்மா..."

நண்டு நிறுத்தினாள். சொல்ல நினைத்தது எட்டு நாளாக உள்ளே கிடந்தது. வெளியே வரும்போது அது ரொம்பச் சின்னதாக வந்தது.

"அந்தப் போர்வையில நான் எங்கேயுமே இல்லம்மா."

அம்மா மெஷினின் சக்கரத்தில் கையை வைத்தபடி அவளைப் பார்த்தாள். பிறகு மேசையில் மடித்து வைத்திருந்த மேல்துணியைப் பார்த்தாள். ரோஜா நிறம், பச்சை, கட்டம். ஒரு புள்ளி கறை இல்லாத நூறு சதுரம். அவள் போட்ட கணக்கில் ஒரு தப்பு இருந்தது. அது நீளத்தில் மட்டும் இல்லை.

"மெக்கானிக் பையை வாங்கிட்டுப் போயி எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஒரு மணி நேரம்."

"இன்னும் ஏன்டி நிக்கறே? ஓடு!"

நண்டு ஓடினாள். நேராகவே ஓடினாள்.

மெக்கானிக் கடையில் ஒரு மோட்டார் பைக் குடலெல்லாம் வெளியே தெரியக் கிடந்தது. மெக்கானிக் அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். கையில் ஒரு மஞ்சள் துணி.

"அண்ணே! துடைக்காதீங்க!"

அவர் பதறிப்போய்க் கையைத் தூக்கினார். "என்ன பாப்பா? பாம்பா?"

"அந்தத் துணி வேணும். பையில இருக்கிற எல்லாத் துணியும் வேணும்."

"கழிவுத் துணியைக் குடுத்துட்டுத் திரும்பக் கேக்க வந்த முதல் ஆளு நீதான். உள்ளே தங்கம் எதாவது மாட்டிக்கிச்சா?"

"இல்லண்ணே. நான்தான் மாட்டிக்கிட்டேன்."

மெக்கானிக்குக் காரணம் புரியவில்லை. ஆனால் அவசரம் புரிந்தது. பையைக் கவிழ்த்தார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து தேடினார்கள். மைக் கறை கிடைத்தது. பழச்சாறு கிடைத்தது. சேற்று முழங்கால் கிடைத்தது. மொத்தம் பதினொரு துண்டு. வேண்டாத நூலும் ஓரமும் பைக்குள்ளேயே திரும்பிப் போயின.

மஞ்சள் துணியில் மட்டும் மெக்கானிக்கின் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருந்தது.

"அடடா. மன்னிச்சுக்கோ பாப்பா. இது துவைச்சாலும் போகாதே."

நண்டு அந்தத் துணியைக் கையில் விரித்துப் பார்த்தாள். அது கொக்குக்கு ரொம்பப் பிடித்த கவுன். மூன்று வருடம் ஒரு சுருக்கம் விழாமல் வைத்திருந்து, "பத்திரமா போட்டுக்கோ" என்று நண்டுக்குக் கொடுத்தாள். நண்டு அன்றைக்கே வாசல் கேட்டில் ஏறிக் கிழித்துவிட்டாள். கொக்கு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே ஊசியை எடுத்துக் கிழிசலைத் தைத்தாள். மஞ்சள் நூல் இல்லாததால் பச்சை நூல். தையல் ஏணி மாதிரி ஏறி இறங்கிப் போயிருந்தது.

இதைப் பார்த்தால் கொக்குக்கு அந்தக் கோபம் மறுபடி வந்துவிடுமோ? புதுக் கறை வேறு சேர்ந்திருக்கிறது. விட்டுவிடலாமா என்று நண்டு ஒரு நிமிடம் நினைத்தாள். பத்துத் துண்டு போதாதா?

பிறகு பதினொன்றையும் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

வீட்டில் அம்மா துண்டுகளைச் சோப்புப் போட்டு அலசினாள். கறைகள் கொஞ்சம் வெளிறினவே தவிர, ஒன்றும் போகவில்லை. இஸ்திரி போட்டுப் பத்து இஞ்ச் உயரத்துக்கு வெட்டினாள். இந்தத் தடவை சாக்பீஸ் வட்டம் போடவில்லை. ஒவ்வொரு கறையும் ஒவ்வொரு கிழிசலும் துண்டுக்குள்ளேயே இருக்கும்படி பார்த்துப் பார்த்து வெட்டினாள்.

"எது எது எங்கே வரணும்னு நீயே அடுக்கு" என்றாள்.

நண்டு அடுக்கினாள். கலைத்தாள். மறுபடி அடுக்கினாள். மஞ்சள் துண்டை ஓரத்தில் வைத்துப் பார்த்தாள். நடுவில் வைத்தாள். மறுபடி ஓரத்துக்குத் தள்ளினாள்.

"ஏன்டி அதைப் பந்தாடறே?"

"கொக்குக்குக் கோவம் வந்தா? ஓரமா இருந்தா சட்டுன்னு தெரியாது."

"கோவம் வந்தா வரட்டும். அவ அக்காதானே" என்று சொல்லிவிட்டு அம்மா பெடலை மிதித்தாள். நண்டு கடைசி நொடியில் மஞ்சளை நடுவில் வைத்தாள்.

கிளம்புகிற நாள் காலையில் கொக்கின் பெட்டி கூடத்தில் வாயைத் திறந்து கிடந்தது. அம்மா போர்வையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள்.

கொக்கு விரித்தாள். கட்டில் முழுக்கப் போர்வை பரந்தது.

"பேங்க் ஆன்ட்டி பாவாடை!" என்று கத்தினாள்.

"அவங்களுக்குப் பெருசாயிடுச்சு" என்றார் அப்பா.

கொக்கு ஒவ்வொரு சதுரமாகத் தடவினாள். "இது நான் ஸ்கூல் சேந்தப்ப... அம்மா, இது பாட்டுப் போட்டி!" அவள் குரல் ஆசையாகத்தான் இருந்தது. அம்மா ஒன்று ஒன்றாகச் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டினாள். நண்டு கதவோரமாக நின்று கால்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொக்கின் கை இறங்கி இறங்கி அங்கே வந்துகொண்டிருந்தது.

வந்துவிட்டது.

கை நின்றது.

"இது மைக் கறைதானே? பரிட்சைக்குப் போற அன்னிக்குச் சட்டை நீலமா போச்சுன்னு அழுதியே, நான்கூட என் துப்பட்டாவைச் சுத்தி விட்டேன்." கொக்கு இப்போது தடவவில்லை, குனிந்து, மூக்கு துணியில் படும்படி பார்த்தாள். "இது எனக்குக் காய்ச்சல்னு நீ பழச்சாறு எடுத்துட்டு வந்து என் மேலயே தடுக்கி விழுந்தது. இந்த முழங்கால்... நான் சைக்கிள் சொல்லிக் குடுத்தப்ப. நான்தான் கையை விட்டுட்டேன். ஆனா நீ அம்மாகிட்ட, நானே விழுந்துட்டேன்னு சொன்னே."

"அப்படியா?" என்றாள் அம்மா. "இப்பத்தான் தெரியுது."

கொக்கு மஞ்சள் துண்டுக்கு வந்தாள். நண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஐயோ, என் தையல்! என்ன இது, வாத்து நடந்த மாதிரி போகுது? அம்மா, இதையா உள்ளே வச்சுத் தச்சே?" கொக்கு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "சரி, இந்தக் கறுப்பு விரல் யாருது?"

"மெக்கானிக் அண்ணனோடது" என்றாள் நண்டு, ஒரு கண்ணைத் திறந்து. "அவர் தெரியாம உள்ளே வந்துட்டார்."

அதற்கப்புறம் நண்டு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. கேள்விக்குறி, பச்சை முகம், எறும்பு, மோட்டார் பைக்கின் குடல். கொக்கு சிரித்துச் சிரித்து விக்கிப்போனாள்.

பிறகு போர்வையின் இரண்டு மூலைகளைப் பிடித்து அப்படியே திருப்பிப் போட்டாள். பதினொரு துண்டும் தலையணைப் பக்கம் வந்தன.

"ஏய், அது கால்பக்கம்டி" என்றாள் அம்மா.

"இல்லம்மா. இதுதான் தலைப்பக்கம். தூங்கும்போது மூக்குகிட்ட இருக்கணும்."

கொக்கு போர்வைக்குள் புகுந்து, நண்டையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "நேராப் படு, அளவு பாக்கணும்" என்றாள். இரண்டு பேரும் ஆணி அடித்த மாதிரி நேராகப் படுத்தார்கள். நண்டின் கன்னத்தில் பச்சை நூல் குறுகுறுத்தது.

"அம்மா, கால் தெரியுதா?"

அம்மா கட்டிலின் மறுபக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். அப்பாவும் குனிந்து பார்த்தார்.

ஒரு விரல்கூடத் தெரியவில்லை.